மற்றும் சாய்கோடு அல்லது

புதிய வேலை ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்த காலையில், டார்ச் சாப்பாட்டு அறையில் ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்து, அதற்குள் தன்னைத் தேடினாள். மெக்கானிக் என்ற தலைப்பின் கீழ் பார்த்தாள். அங்கே பாதி இருந்தாள். மூத்த மெக்கானிக் என்ற தலைப்பின் கீழ் பார்த்தாள். அங்கேயும் பாதி இருந்தாள். இரண்டு பாதியையும் ஒட்டினால் ஒரு முழு ஆள் தேறுமா என்று யோசித்ததில் தலை கிறுகிறுத்தது. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

டார்ச் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. விமானத்தின் தரைப் பலகைக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும்போது இரண்டு கையும் வேண்டும் என்பதால், சின்ன டார்ச் விளக்கைப் பல்லால் கவ்விக்கொள்வாள். கவ்வியபடியே பேசவும் செய்வாள். பழகியவர்களுக்கு மட்டும் அது புரியும். கூட வேலை பார்ப்பவர்கள் டார்ச் என்றார்கள். அவளிடம் திட்டு வாங்கியவர்கள், அவள் காதுக்கு எட்டாத தூரம் போனதும், கொஞ்சம் இழுத்து டார்ச்சர் என்றார்கள். அதுவும் அவள் காதுக்கு எட்டத்தான் செய்தது.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்தது தையல் வழியாக. விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் அந்தப் பெரிய கொட்டகையின் பின்புறம் இருக்கை உறை தைக்கும் பிரிவு ஒன்று உண்டு. பத்தொன்பது, இருபது வயதில் அங்கே மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஓர் உறை சரியாகப் பொருந்தவில்லை என்று அளவெடுக்க விமானத்துக்குள் அனுப்பினார்கள். அன்று பராமரிப்புக்காக உள்கூரைப் பலகைகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். பயணிகள் ஒருநாளும் பார்க்காத அந்த வயிற்றுக்குள், வயர்கள் கட்டுக்கட்டாக, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டு, தலைவாரிப் பின்னிவிட்ட மாதிரி ஓடின. அளவெடுக்கப் போனவள் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ வந்து கழுத்து வலிக்கவில்லையா என்று கேட்டபிறகுதான் கீழே பார்த்தாள். அந்த மாதமே லைசென்ஸ் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

விமான மெக்கானிக் லைசென்ஸ் இரண்டு வகை. ஒன்று உடற்பகுதிக்கு, மற்றது இன்ஜினுக்கு. அவள் உடற்பகுதி லைசென்ஸை வாங்கினாள். இன்ஜினுக்கு எழுத்துத் தேர்வில் தேறினாள். செய்முறைத் தேர்வு வந்த வாரம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், அவள் போகவில்லை. அப்பா தேறி வீட்டுக்கு வந்தபிறகு, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த அடுத்த முறை வரவே இல்லை. வயர் வேலைக்குக் கம்பெனியே தனியாகப் பயிற்சி கொடுத்து அனுமதிச் சீட்டும் கொடுத்துவிட்டது. அது போதும் என்று இருந்துவிட்டாள்.

அந்த வகுப்பில் கிடைத்தவன்தான் புருஷன். அவனுக்கு இரண்டு லைசென்ஸும் உண்டு. அவன் மூச்சு விட்டால் பக்கத்து அறைக்குக் கேட்கும் என்பதால் எல்லோருக்கும் அவன் கம்ப்ரெசர். வகுப்பில் இருவரும் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாயில் தானாக நீங்க வந்து ஒட்டிக்கொண்டது. யாரும் கேட்கவில்லை. ஏன் வந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை. அவன் நீ என்பதோடு நின்றுகொண்டான்.

இருவரும் ஒரே விமான நிலையத்தில், வேறு வேறு கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். பிறகு இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. இரண்டு கொட்டகைக்கும் ஒரே மேனேஜர், ஒரே சங்கம், ஒரே ஒப்பந்தம். யார் யார் என்ன வேலை செய்யலாம், அதற்கு என்ன தகுதி என்பதையெல்லாம் புதிதாக எழுதினார்கள். மெக்கானிக்கின் வேலையில், பழுதைக் கண்டுபிடிப்பது, கழற்றுவது, மாற்றுவது, சோதிப்பது, விமானத்தை இழுத்துப் போகும்போது உள்ளே உட்கார்ந்து பிரேக் பிடிப்பது, இவை போன்ற பிற வேலைகளைச் செய்வது என்று போட்டிருந்தது. மூத்த மெக்கானிக் மற்றவர்களின் வேலையை வழிநடத்த வேண்டும், முடித்த வேலைக்குக் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டும், தேவைப்படும்போது தாமும் கைவேலை செய்ய வேண்டும். தகுதி என்ற இடத்தில்தான் வம்பு. உடற்பகுதி மற்றும்/அல்லது இன்ஜின் லைசென்ஸ் பெற்றவராக இருத்தல் வேண்டும் என்று எழுதியிருந்தது.

பகல் ஷிப்டுக்கு ஒரே ஒரு மூத்த மெக்கானிக் இடம். ஒரு லைசென்ஸ் போதுமென்றால், கம்ப்ரெசரைவிட முன்னால் வேலையில் சேர்ந்த டார்ச்சுக்கு அந்த இடம். இரண்டும் வேண்டுமென்றால் அவனுக்கு. இருவருக்கும் நடுவில் ஒரு சாய்ந்த கோடு நின்றது.

அவள் நகலை எடுத்துக்கொண்டு சங்கச் செயலாளரிடம் போனாள். நல்ல மனிதர். எதையும் விளக்காமல் விடமாட்டார், அது ஒன்றுதான் தொல்லை.

"பாருங்கம்மா, மற்றும்னு போட்டா ரெண்டும் வேணும். அல்லதுன்னு போட்டா ஒண்ணு போதும். இங்க நடுவுல கோடு இருக்கு. அப்போ ரெண்டு இருக்கிறவங்களுக்கு ரெண்டு, ஒண்ணு இருக்கிறவங்களுக்கு ஒண்ணு."

"அப்போ ஒண்ணு இருக்கிறவங்க மூத்த மெக்கானிக் ஆகலாம்தானே?"

"தாராளமா. ஆனா ரெண்டும் இருக்கிற ஆள் பக்கத்துலயே இருந்தா…" அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அதை நான் கேட்டுச் சொல்றேன்."

"யார்கிட்ட கேப்பீங்க? எழுதினதே நீங்கதானே?"

"நாங்க அல்லது கேட்டோம். கம்பெனி மற்றும் கேட்டுச்சு. ஒருத்தரும் இறங்கி வரல. எல்லாருக்கும் பசி வேற. வெளியில போய் டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா அங்க கோடு இருந்துச்சு. யார் போட்டாங்கன்னு தெரியல. ரெண்டு பக்கமும் ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு, கையெழுத்துப் போட்டுட்டோம்."

வீட்டில் அதைச் சொன்னபோது கம்ப்ரெசர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அல்லதுதான். இதுல என்ன சந்தேகம்? இடம் உனக்குத்தான்."

"மற்றும்தான் முதல்ல வருது. முதல்ல வர்றதுக்குத்தானே மதிப்பு? ரெண்டு லைசென்ஸ் வச்சிருக்கிறது நீங்க."

"நீ எனக்கு முன்னாடி சேர்ந்தவ."

"அதுக்கு? பாதி லைசென்ஸ் வச்சுக்கிட்டு முழு விமானத்துக்குக் கையெழுத்துப் போட முடியுமா?"

சண்டை இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. ஊரில் பதவிக்குச் சண்டை போடுகிறவர்கள் எனக்கு எனக்கு என்பார்கள். இவர்கள் உனக்கு உனக்கு என்று கத்தினார்கள். சத்தம் என்னவோ ஒன்றுதான். நடுவில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க எனக்கு விட்டுக்கொடுக்கிறீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. எனக்கு அந்த வேலை வேண்டாம். ஆளுங்களை மேய்க்கிறது எனக்கு ஒத்து வராது. இன்ஜின்னா பேசாம இருக்கும்."

"அப்போ உங்களுக்கு வேண்டாததைக் கொண்டுவந்து என் தலையில கட்டுறீங்க."

எந்தப் பதிலைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

கூடவே இருந்த நாத்தனார் பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்துபவள். பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவளிடம் அந்த வரியை நீட்டினார்கள். இரண்டு முறை படித்தாள்.

"அண்ணி, இது இலக்கணத்துல எதுலயும் சேராது. என் பிள்ளைங்க யாராவது பரீட்சையில இப்படி எழுதினா நான் பாதி மார்க் போடுவேன்."

"பாதி மார்க்னா பாஸா பெயிலா?"

"அது மீதிப் பேப்பரைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

முடிவு தெரியும்வரை பகல் ஷிப்டுக்கு மூத்த மெக்கானிக் யாரும் இல்லை. முடித்த வேலைகள் இரவு ஷிப்டுக்காரரின் கையெழுத்துக்குக் காத்திருந்தன. மேனேஜர் இருவரையும் கூப்பிட்டு, "நீங்களே பேசிப் பார்த்துக்கோங்க, புருஷன் பொண்டாட்டிதானே" என்றார். உலகத்தில் புருஷன் பொண்டாட்டிகள் பேசி முடிவெடுப்பது சுலபம் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

அந்த நிலையில்தான் ஒரு மத்தியானம் அந்த விமானம் வந்து நின்றது. இறங்கும்போது உள்ளே ஏதோ கருகிய வாடை அடித்ததாகப் பணிப்பெண்கள் சொன்னார்கள். பயணிகளை இறக்கிக் காத்திருப்புக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். டார்ச்சும் கம்ப்ரெசரும் உள்ளே போனார்கள். வாடை இருந்தது. என்ன வாடை என்பதில்தான் ஒத்துப்போகவில்லை.

"வயர் வாடைங்க இது. பின்னாடி சமையல் மேடைக்குக் கீழ இருந்து வருது."

"எனக்கு எண்ணெய் வாடை மாதிரி இருக்கு. இன்ஜின்ல எங்கயோ எண்ணெய் கசிஞ்சு, காத்தோட கலந்து உள்ள வருது."

"காலையில இருந்து சளி பிடிச்சிருக்கு உங்களுக்கு."

"அதுவும் உண்மைதான்" என்றான் அவன்.

எதை முதலில் பிரிப்பது என்று சொல்ல வேண்டியவர் மூத்த மெக்கானிக். நீங்க சொல்லுங்க என்றாள் அவள். நீயே சொல்லு என்றான் அவன். சுற்றிலும் நின்ற மெக்கானிக்குகள் ஸ்குரூ டிரைவரும் கையுமாக இவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் யாரும் சொல்லாமலே அவள் போய் சமையல் மேடைக்குக் கீழே தரைப் பலகையைக் கழற்றினாள். விளக்கைக் கவ்விக்கொண்டு உள்ளே தலையை விட்டவள், கொஞ்ச நேரத்தில் ஏதோ சொன்னாள். பழகியவர்களுக்குப் புரிந்தது. ஒரு வயர்க் கட்டு உலோக விளிம்பில் உரசி உரசி மேல்தோல் போய், உள்ளிருந்த செம்பு பளபளத்தது.

"இதுதான்" என்று வெளியே வந்து சொன்னாள். அவள் முகத்தில் அன்றைக்கு வந்த முதல் நிம்மதி. வயரைச் சரிசெய்து, விளிம்புக்கு உறை போட்டு, பலகையை மூட ஆயத்தமானாள்.

"ஒரு தடவை இன்ஜினை ஓட்டிப் பார்த்துடலாமே" என்றான் கம்ப்ரெசர்.

"எதுக்கு? கண்ணால பார்த்தாச்சு. அங்க ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"அந்தச் செம்புல கருகல் இல்லையே. எரிஞ்ச மாதிரி தெரியல."

அவள் பலகையைக் கீழே வைத்தாள். அது அவளும் பார்த்ததுதான். பார்த்ததும் மனம் அதை ஒதுக்கிவிட்டிருந்தது.

விமானத்தை வெளியே இழுத்துப் போய் இன்ஜினை ஓட்டினார்கள். வலது இன்ஜின் வேகம் எடுத்ததும் அதே வாடை, முன்னைவிடக் கனமாக, காற்றுத் துளைகள் வழியாக வந்தது. எண்ணெய்தான். சளி பிடித்த மூக்கு சரியாகச் சொல்லியிருந்தது. அதற்காக வயரில் பழுது இல்லை என்றும் ஆகிவிடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அந்தச் செம்பு தானே நெருப்பைக் கக்கியிருக்கும்.

அன்று முழுவதும் டார்ச் அதையே மனதில் போட்டு உருட்டினாள். தான் மூத்த மெக்கானிக்காக இருந்திருந்தால், வயரை மூடி, கையெழுத்துப் போட்டு, எண்ணெய் கசியும் இன்ஜினோடு விமானத்தை அனுப்பியிருப்பாளா? வீட்டுக்காரர் மூத்த மெக்கானிக்காக இருந்திருந்தால், நேரே இன்ஜினுக்குப் போய் அதைச் சரிசெய்துவிட்டு, தரைக்கு அடியில் திறந்து கிடந்த வயரோடு அனுப்பியிருப்பாரா? யாருமே மூத்தவராக இல்லாததால்தான் இரண்டும் அகப்பட்டதோ? அப்படியென்றால் அந்தப் பதவியே தேவையில்லையா? ஆனால் அது இல்லாததால்தான் கையெழுத்துப் போட ஆளில்லாமல் விமானம் நின்றது. பயணிகளை வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். எந்தப் பக்கம் யோசித்தாலும் சுவர் வந்தது.

அன்றைய விமானத்தின் அறிக்கையோடு விஷயம் விசாரணைக் குழுவுக்குப் போனது. கம்பெனி சார்பில் ஒருவர், சங்கத்தின் சார்பில் ஒருவர், நடுவில் ஓய்வுபெற்ற தொழிலாளர் நீதிபதி ஒரு அம்மா. அகலமான மேசை, வேலை செய்யாத ஏசி, திறந்து வைத்த ஜன்னல். முதலில் கம்ப்ரெசரைக் கேட்டார்கள். தன் மனைவிக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பிறகு அவள் எழுந்தாள்.

"ரெண்டு லைசென்ஸும் வேணும்ங்கிறதுதான் அந்த வரிக்கு அர்த்தம்னு நினைக்கிறேங்க" என்றாள்.

நீதிபதி அம்மா தாளைப் புரட்டினார். "அப்படிப் பார்த்தா உங்களுக்கு இடம் கிடைக்காதே."

"ஆமாங்க."

"உங்க வீட்டுக்காரர் உங்களுக்குக் கொடுக்கச் சொல்றார். நீங்க அவருக்குக் கொடுக்கச் சொல்றீங்க. நான் பார்த்த வழக்குல இப்படி ஒண்ணு வந்ததில்ல." அவர் நிமிர்ந்தார். "வரி என்ன சொல்லுதுங்கிறது இருக்கட்டும். உங்களுக்கு அந்த வேலை வேணுமா வேண்டாமா?"

டார்ச் சங்கச் செயலாளரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தாள். அவன் மூச்சு அந்த அறை முழுக்கக் கேட்டது.

"வேணுங்க" என்றாள்.

சொன்னபிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. இத்தனை நாள் அவருக்கு, அவருக்கு என்று கத்தியதற்குள் இது எங்கே ஒளிந்திருந்தது என்று புரியவில்லை.

"அப்புறம் ஏன் உங்களுக்கு எதிரா நீங்களே பேசறீங்க?"

"எனக்கு வேணும்ங்கிறது வேற, அந்த வரிக்கு என்ன அர்த்தம்ங்கிறது வேற இல்லீங்களா? அன்னைக்கு அந்த விமானத்துல எனக்கு இன்ஜின் தோணவே இல்லீங்க. அது தெரிஞ்சும் எப்படி அல்லதுன்னு சொல்றது?"

"உங்க வீட்டுக்காரருக்குத் தரையைத் திறந்து பார்க்கத் தோணிச்சா?"

"தோணலீங்க."

"அப்போ?"

"அதுதான் எனக்கும் புரியல" என்றாள் டார்ச்.

தீர்ப்பு சில வாரங்கள் கழித்து வந்தது. அந்தக் கோட்டை அல்லது என்றே படிக்க வேண்டும். ஐயம் வரும்படி எழுதினால் பலன் தொழிலாளிக்குப் போக வேண்டும். எனவே முன்னால் சேர்ந்தவருக்கே இடம். கூடவே, ஒற்றை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் மற்றதை வாங்கக் கம்பெனி உதவ வேண்டும் என்று ஒரு பரிந்துரையும் இருந்தது. சங்கச் செயலாளர் ஓடிவந்து கை கொடுத்தார். "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது எதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. விளக்கிவிடுவார்.

புதிய யூனிபார்மில் தோளில் ஒரு பட்டை கூடியிருந்தது. முதல் நாள் காலை ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்தாள். கம்ப்ரெசரின் முறை வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நீங்க அந்த இடது இன்ஜின்ல எண்ணெய் வடிகட்டியைப் பாருங்க."

"சரிங்க. நீங்க வந்து பார்த்தப்புறம் மூடட்டுமா?"

வகுப்புக் காலத்தில் இருந்து இன்றுவரை நீ என்றவன் நீங்க என்றான். கேலியாகச் சொல்லவில்லை. கூட நின்றவர்களுக்கு முன்னால் அதுதான் முறை என்று நினைத்திருக்கிறான். அவளுக்கு மரியாதை கிடைத்த மாதிரியும் இருந்தது, எதுவோ கைநழுவின மாதிரியும் இருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும், "அங்கயும் நீன்னே கூப்பிடுங்க" என்றாள்.

"நீ என்னை நீங்கன்னு கூப்பிடுறியே."

"அது வீட்டுப் பழக்கம்."

"இது வேலைப் பழக்கம்" என்றான். நாத்தனார் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாள்.

பதவியைவிடப் பெரிய குழப்பம் கைகளால் வந்தது. தேவைப்படும்போது தாமும் கைவேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். தேவைப்படுவது யாருக்கு? பலகைக்கு அடியில் இன்னொருவர் படுத்துக்கொண்டு தப்பான பக்கத்தில் முடிச்சுப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கைக்குத் தேவைப்பட்டது. ஒருமுறை தாங்காமல் அவரை வெளியே வரச் சொல்லிவிட்டுத் தானே உள்ளே புகுந்தாள். அந்த மெக்கானிக் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார், தன் வேலையை மூத்த மெக்கானிக் பறித்துக்கொண்டதாக. அவர் சொன்னதும் நியாயம்தான். செயலாளர் இருவரையும் உட்காரவைத்து, தேவை என்ற சொல்லை மத்தியானம் வரைக்கும் விளக்கினார். வெளியே வந்தபோது புகார் கொடுத்தவரும் அவளும் ஒருவரை ஒருவர் பாவமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்ஜின் செய்முறைத் தேர்வுக்கும் பெயர் கொடுத்தாள். விடுமுறை நாட்களில் கம்ப்ரெசர் சாப்பாட்டு மேசையில் பழைய வால்வு, குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் பரப்பி வைத்துச் சொல்லிக்கொடுத்தான். அப்போது மட்டும் இருவரும் வகுப்புக் காலத்து நீ, வா, போவுக்குத் திரும்பிவிடுவார்கள். அது யார் தொடங்கியது என்று இருவருக்கும் தெரியாது. முதல் முறை தேர்வில் தவறினாள். தேர்வாளர் கேட்ட கேள்விக்கு இரண்டு பதில் இருப்பதாக அவளுக்குப் பட்டது, இரண்டையும் சொன்னாள். அடுத்த முறை ஒன்றை மட்டும் சொல்லி, தேறினாள். சொல்லாமல் விட்ட பதிலும் சரிதான் என்று இன்றுவரை நினைக்கிறாள்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று கம்ப்ரெசர்தான் அதிகமாகச் சந்தோஷப்பட்டான். இனி அந்த வரியை எப்படிப் படித்தாலும் இடம் உனக்குத்தான் என்றான். அவளுக்கோ, அப்படியானால் இதற்கு முன்னால் இருந்த மாதங்கள் என்ன கணக்கு என்று தோன்றியது. அதைச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி உனக்கு, உங்களுக்கு என்று தொடங்கிவிடும்.

போன வாரம் ஒரு விமானத்தின் சரக்குக் கதவு மூடாமல் மக்கர் பண்ணியது. கதவின் கீல் என்றார் ஒருவர். சென்சார் என்றார் இன்னொருவர். தரையில் நின்று அண்ணாந்து பார்த்த கம்ப்ரெசர் ஒன்றும் சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டான். மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நேரம் மேனேஜரின் போன் வந்தது. அங்கே இப்போது பொறுப்பில் இருப்பது யார் என்று கேட்டார்.

"நான்தான்னு நினைக்கிறேன், சார்" என்றாள் டார்ச். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, முதலில் கீலைக் கழற்றச் சொன்னாள். ஒரு நிமிஷம் நின்று யோசித்து, சென்சாரையும் கழற்றச் சொன்னாள்.